இடஞ்சுழி நத்தைகள்

தாழைத் தீவில் ஒன்பது மலைமேடுகள் இருந்தன. மேட்டுக்கு ஒரு வகையாக ஒன்பது வகை மரநத்தைகளும் இருந்தன. ஒரு மேட்டில் இருப்பதை அடுத்த மேட்டில் பார்க்க முடியாது. முதல் மேட்டு நத்தை எலுமிச்சை மஞ்சள். இரண்டாம் மேட்டில் அதே மஞ்சள்மேல் பழுப்புக் கோடு ஓடும். நாலாம் மேட்டில் உடம்பெல்லாம் வெள்ளை, ஓட்டின் வாய் மட்டும் வெற்றிலை போட்டதுபோல் சிவப்பு. ஒன்பதாம் மேட்டின் உச்சியில், வெயில் எட்டாத காட்டில், பாசிப் பச்சை.

இதையெல்லாம் வெளியுலகுக்குச் சொன்னவள் அமுதவல்லி. முப்பத்தோரு வயதில், ஆறு மாத ஆய்வுக்கென்று போர்ட் பிளேயரில் கப்பலேறி வந்தவள், திரும்பிப் போகவே இல்லை. தீவில் இருந்ததெல்லாம் இருநூறு குடும்பங்கள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து ரப்பர் வெட்டுவதற்காக ஒரு காலத்தில் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். ரப்பர் போய், இப்போது பாக்கும் வாழையும் காய்கறியும். அவர்கள் அவளை 'நத்தை டாக்டர்' என்றார்கள். முதல் மேட்டின் அடிவாரத்தில் பவளத்தின் வீட்டை ஒட்டிய ஓர் அறையில் அவள் தங்கினாள். சாப்பாடும் பவளத்தின் கையால்தான்.

"இதெல்லாம் ஒரே சாதிதானா, வேற வேறயா டாக்டரம்மா?" என்று பவளம் ஒருநாள் கேட்டாள். மேசைமேல் ஒன்பது வெற்று ஓடுகள் வரிசையாக இருந்தன.

"ஒரே வயித்துப் பிள்ளைங்கதான். பல லட்சம் வருஷம் முன்னாடி ஏதோ ஒரு மரக்கட்டையில ஒட்டிக்கிட்டு கடல்ல மிதந்து வந்த ஒண்ணு ரெண்டு நத்தையோட பரம்பரை."

"பிறகெப்படி இப்படி ஆளுக்கொரு நிறம்?"

"ஓடையைத் தாண்டத் தெரியாததால. ஒரு நத்தை பிறந்ததுலேருந்து சாகுற வரைக்கும் முப்பது மீட்டருக்கு மேல போகாது பவளம். அந்த மேட்டுல இருக்கறது அங்கயே கட்டிக்கும், அங்கயே பெத்துக்கும். அந்த மழைக்கும் அந்த மரத்துக்கும் தக்கபடி மாறிக்கிட்டே வரும். கடைசில அண்ணன் தம்பிக்கே அடையாளம் தெரியாமப் போயிடும்."

"எங்க ஆளுங்களும் அப்படித்தான்," என்று பவளம் சிரித்தாள். "கண்டியில இருக்கிற எங்க மாமா வீட்டு ஆளுங்க பேசறதே எங்களுக்குப் புரியாது."

பவளத்தின் மகள் நித்திலா அந்த ஓடுகளை நிறவாரியாக அடுக்கிக் கலைத்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, ஒரு நாற்றுப் பொதியின் மண்ணில் ஆப்பிரிக்கப் பெருநத்தை தீவுக்கு வந்தது. ஓடு மட்டுமே உள்ளங்கையளவு. ஒரு தடவைக்கு இருநூறு முட்டை. பப்பாளி, கீரை, வாழைக் கன்று எதையும் விடவில்லை. சுவரின் சுண்ணாம்பைக்கூடச் சுரண்டித் தின்றது. அதோடு போயிருந்தால் பொறுத்திருப்பார்கள். அதன் உடம்பில் எலியிடமிருந்து வந்த ஒரு புழு இருந்தது. அந்தப் புழு மனிதர்களின் மூளைக்குப் போனது. கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, பிறகு நினைவு தப்புதல். மூன்று மழைக்காலங்களில் பதினேழு பேர் இறந்தார்கள். பதினேழாவது ஆள் நித்திலா. தோட்டத்தில் ஒரு வெள்ளரிப் பிஞ்சைப் பறித்துக் கழுவாமல் கடித்திருக்கிறாள். போர்ட் பிளேயர் மருத்துவமனையில் பதினோராம் நாள் உயிர் போனது. உடலைக் கப்பலில் கொண்டுவந்தபோது பவளத்தின் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் அமுதவல்லி.

அந்த வருடம்தான் ரகுநந்தன் தீவுக்கு வந்தார். சென்னையிலிருந்த ஓர் உயிரிக் கட்டுப்பாட்டு மையத்தின் தலைவர். குரல் உயர்த்தாத மனிதர். பஞ்சாயத்துக் கூடத்தில் ஊரே கூடியிருந்தது. அவர் ஒரு பெருநத்தை ஓட்டைக் கையில் தூக்கிக் காட்டினார்.

"இது சுழிஞ்சிருக்கிற திசையைப் பாருங்க. வலது பக்கம். எல்லாமே வலஞ்சுழிதான். நத்தையில ஆண் பெண்ணுன்னு தனியா கிடையாது. ரெண்டு நத்தை சேரணும்னா ரெண்டும் ஒரே பக்கம் சுழிஞ்சிருக்கணும். ஒண்ணு வலஞ்சுழி, ஒண்ணு இடஞ்சுழின்னா, ஒருத்தர் வலது கையும் ஒருத்தர் இடது கையும் நீட்டிக் கை குலுக்கற மாதிரி. சேரவே முடியாது."

"அதுக்கு?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"நத்தையோட வயித்துல வாழற ஒரு கிருமியை எடுத்து, சுழியைத் திருப்பற வேலையை அதுகிட்ட ஒப்படைச்சிருக்கோம். மனுஷங்களுக்கு அதால ஒண்ணும் ஆகாது. நத்தை ஊர்ற பசை வழியா ஒண்ணுலேருந்து ஒண்ணுக்குப் போகும். பாதி இடம், பாதி வலம்னு ஆகும்போது ஜோடி கிடைக்காம இனம் தானா அடங்கிடும். விஷம் இல்ல, மருந்து இல்ல."

கூட்டம் முடிந்த பிறகு அமுதவல்லி அவரிடம் தனியாகப் பேசினாள்.

"சார், பசை வழியாப் போற கிருமி மரநத்தைக்கும் போகும்."

"உங்க நாலு வகையில சோதிச்சோம். போகலை."

"அது சீக்கிரம் இனம் பெருக்கற நாலு வகை. மேல்மேட்டு நத்தை முட்டையிடவே நாலு வருஷம் ஆகும். அதோட சுழியை முடிவு பண்றது அதோட மரபணு இல்ல, முட்டையிட்ட தாயோட மரபணு. பாட்டிக்குத் தொத்தினா பேத்திகிட்டதான் வெளியில தெரியும். சரியாச் சோதிக்கணும்னா பன்னிரண்டு வருஷம் வேணும்."

ரகுநந்தன் கையிலிருந்த ஓட்டை மேசைமேல் வைத்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "நீங்க சொல்றது சரிதான். நான் மறுக்கலை. அந்தப் பன்னிரண்டு வருஷத்தை நீங்களே போய் அந்தம்மாகிட்டக் கேளுங்க. நித்திலாவோட அம்மாகிட்ட."

அவள் கேட்கவில்லை. கேட்க எந்த முகத்தோடு போவாள்? உள்ளூர் இனங்களுக்குக் கேடு வராது என்ற சான்றில் மூன்றாம் நாள் கையெழுத்திட்டாள். தீவின் நத்தைகளை அறிந்த ஒரே ஆள் என்பதால் அந்தக் கையெழுத்து அவளுடையதாகவே இருக்க வேண்டியிருந்தது.

ரகுநந்தன் சொன்னபடியே நடந்தது. ஒன்றரை வருடத்தில் இடஞ்சுழிப் பெருநத்தைகள் தென்பட்டன. மூன்றாம் வருடம் தோட்டங்கள் தழைத்தன. அந்த மழைக்காலத்தில் ஒருவருக்கும் அந்த நோய் வரவில்லை. மழை ஓய்ந்த அன்று பவளம் பாயசம் வைத்து அமுதவல்லியின் அறைக்குக் கொண்டுவந்தாள்.

"என் பிள்ளைக்குத்தான் கொடுத்து வைக்கலை. மத்த பிள்ளைங்களாச்சும் பிழைச்சுதே டாக்டரம்மா. அது உங்க கையெழுத்தால."

அமுதவல்லி பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். அவள் முன்னால் நுண்ணோக்கியில் ஒரு கண்ணாடித் தகடு இருந்தது. முந்தைய நாள் ஒன்பதாம் மேட்டிலிருந்து எடுத்துவந்த பச்சை நத்தையின் பசை. அதில் அந்தக் கிருமி இருந்தது.

அன்றே சொல்லியிருக்கலாம். ஒரு கடிதம் போதும். ஐந்தாம் மேட்டிலும் ஆறாம் மேட்டிலும் எடுத்த பசையில் அப்போது கிருமி இல்லை. நாற்பது ஐம்பது நத்தைகளை எடுத்து, போர்ட் பிளேயரில் கூண்டு கட்டி வளர்த்திருக்கலாம். ஆனால் கூண்டு கேட்டால் காரணம் கேட்பார்கள். காரணம் சொன்னால் அது பவளத்தின் காதுக்கும் வரும். கிருமி இருந்தால் மட்டும் என்ன, அது வேலை செய்திருக்க வேண்டும் என்பதில்லையே என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உறுதியாகத் தெரியட்டும், அடுத்த வருடம் எழுதலாம் என்று நினைத்தாள். அடுத்த வருடமும் அதையே நினைத்தாள். அதற்கடுத்த வருடம் ஐந்தாம் மேட்டுப் பசையிலும் கிருமி இருந்தது. ஆறாம் மேட்டிலும் இருந்தது. இனி எழுதி என்ன பயன் என்று ஆனது.

எட்டாம் வருடம் ஒன்பதாம் மேட்டில், ஒரு தாழை இலையின் அடியில், அரிசி அளவில் ஒரு பச்சைக் குஞ்சைக் கண்டாள். லென்ஸை வைத்துப் பார்த்தாள். அது இடது பக்கம் சுழிந்திருந்தது. காட்டுக்குள் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மழை பிடித்தும் எழவில்லை.

அதன் பிறகு அவள் கண்டதெல்லாம் ஒரே காட்சிதான். மரத்துக்கு இரண்டு மூன்று நத்தைகளே இருக்கும் காடு அது. ஒரு மரத்தில் வயதான வலஞ்சுழி, பக்கத்து மரத்தில் இளைய இடஞ்சுழி. இரண்டும் கிளை வழியாக வந்து சந்திக்கும். ஒன்றையொன்று சுற்றும். மணிக்கணக்காகச் சுற்றும். பிறகு தனித்தனியாக விலகிப் போகும். இடஞ்சுழிக்கு இன்னொரு இடஞ்சுழி எங்கோ இருக்கலாம். ஆனால் அது அறுபது மீட்டர் தள்ளி இருந்தால், இந்த நத்தைகளைப் பொறுத்தவரை கடலுக்கு அப்பால் இருப்பதுபோல.

ஒவ்வொரு மாதமும் அவள் மேடேறினாள். ஒவ்வொரு மாதமும் எண்ணிக்கை குறைந்தது. முதலில் நாலாம் மேட்டின் சிவப்பு வாய் நத்தை போனது. பிறகு மஞ்சள். பவளம் கேட்டபோது, "ஏதோ நோய்" என்று சொன்னாள். பவளம் மேற்கொண்டு கேட்கவில்லை. காலை உணவை மட்டும் கூடுதலாகக் கட்டிக்கொடுத்தாள்.

பதிமூன்றாம் வருடம், மழை தொடங்கிய வாரம், கப்பல்துறைப் பக்கத்து வீடொன்றில் ஒரு பெண்ணுக்குக் கழுத்து விறைத்தது. மருந்து நேரத்துக்குக் கிடைத்ததால் பிழைத்துக்கொண்டாள். அமுதவல்லி அந்த வீட்டுத் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தாள். வாழை மட்டைக்கடியில் பெருநத்தைகள். ஒன்றல்ல, பத்தல்ல. எல்லாம் இடஞ்சுழி.

அவளுக்கு ஒரு நொடியில் புரிந்தது. பாதிக்குப் பாதியாக இருந்தபோது ஜோடி கிடைக்காமல் அழிந்தன என்பது சரி. ஆனால் வலஞ்சுழிகள் முற்றாக ஒழிந்த பிறகு மிஞ்சியவை எல்லாம் இடஞ்சுழி. இடத்துக்கு இடம் பொருந்தும். ஒன்றுக்கு இருநூறு முட்டை போடும் இனத்துக்கு எங்கோ ஒரு மூலையில் நாலு தப்பிப் பிழைத்தாலே போதும். மெல்லப் பெருகும், மெல்ல நகரும் மரநத்தைகளுக்குத்தான் அந்த வாய்ப்பு இல்லை. எதை ஒழிக்க இதைச் செய்தார்களோ அது பிழைத்துக்கொண்டது. யாருக்கும் தீங்கு செய்யாதது போய்விட்டது.

ஆனால் இவ்வளவு பெருக இரண்டு வருடமாவது ஆகியிருக்கும். யார் கண்ணிலும் படாமலா இருந்தது?

ஓடையோரமாகத் தடம் பார்த்து மேலேறிப் பவளத்தின் தோட்டத்துக்குப் போனாள். ஓடைக்கரை ஓரம், பாக்கு மரங்களுக்குப் பின்னால், புதிதாக மண் மூடிய குழி ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் பழைய குழி. அதற்கப்பால் இன்னொன்று. பவளம் கையில் உப்பு வாளியோடு நின்றாள். அவள் ஓடவும் இல்லை, வாளியை மறைக்கவும் இல்லை.

"எப்ப பார்த்த?" என்று அமுதவல்லி கேட்டாள்.

"ரெண்டு மழைக்கு முன்னாடி."

"ஏன் பவளம் சொல்லலை?"

பவளம் வாளியைக் கீழே வைத்தாள். "விடியக்காலம் தினமும் பொறுக்கினேன். உப்புப் போட்டுப் புதைச்சேன். என்னால முடிஞ்சிடும்னுதான் நெனச்சேன். ஓடை வழியா அது கீழ போனது எனக்குத் தெரியாது."

"ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருந்தா அன்னைக்கே, இந்த ஒரு தோட்டத்துலயே முடிச்சிருக்கலாமே!"

"சொல்லியிருக்கலாம். நீங்க மாசா மாசம் மேல போய் வெறும் பெட்டியோட இறங்கி வர்றீங்க. சாப்பாட்டைப் பிசைஞ்சுட்டு வச்சிட்டுப் போறீங்க. அந்த முகத்தைப் பார்த்து இதையும் எப்படிச் சொல்றது?" பவளத்தின் குரல் உடைந்தது. "அது மட்டும் இல்ல டாக்டரம்மா. சொன்னா அந்த சார் மறுபடி வருவாரு. மறுபடி கூட்டம் போடுவாங்க. என் பிள்ளை பேரைச் சொல்லி மறுபடி எதையாவது விடுவாங்க. முதல் தடவை அப்படித்தானே உங்ககிட்டக் கையெழுத்து வாங்கினாங்க? எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? எங்கிட்ட யாரும் கேக்கவே இல்லையே. கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு உங்க யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது."

அமுதவல்லியால் கோபப்பட முடியவில்லை. கோபப்பட அவளுக்கு உரிமை இருக்கவும் இல்லை. ஈரத் தரையில் பவளத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, பத்து வருடங்களாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். பாயசம் கொண்டுவந்த அன்று நுண்ணோக்கியில் என்ன இருந்தது என்பதை. ஐந்தாம் மேட்டையும் ஆறாம் மேட்டையும் காப்பாற்ற இரண்டு வருடம் கையில் இருந்தது என்பதை.

பவளம் முழுக்கக் கேட்டாள். பிறகு, "என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியலையாக்கும்" என்றாள்.

"ஆமா."

"சரிதான்." பவளம் வாளியில் மிஞ்சிய உப்பைக் குழிமேல் தட்டினாள். ஓடைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "நாம ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நோகடிக்கக் கூடாதுன்னு பார்த்தோம். பாவம், அந்தப் பூச்சிங்க என்ன செஞ்சுது?"

மரநத்தையைப் பவளம் பூச்சி என்றுதான் சொல்வாள். அமுதவல்லி பலமுறை திருத்தியிருக்கிறாள். அன்று திருத்தவில்லை.

மறுவாரம் இரண்டு வாக்குமூலங்கள் சென்னைக்குப் போயின. ஒன்று அமுதவல்லி எழுதியது. மற்றொன்று பவளம் சொல்லச் சொல்ல அமுதவல்லி எழுதி, பவளம் கையெழுத்திட்டது. தேதிகள் எதையும் அவர்கள் மாற்றவில்லை. அப்போது மையம் அதே கிருமியை நொச்சித் தீவில் விடத் தயாராக இருந்தது. இன்னும் மூன்று வாரம்தான். நொச்சித் தீவின் காடுகளில் என்னென்ன நத்தைகள் இருக்கின்றன என்று அதுவரை யாரும் போய்ப் பார்த்ததே இல்லை. அங்கே பெருநத்தை நுழைந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

ரகுநந்தன் தொலைபேசியில் அழைத்தார். குரல் முன்பு போலவே தாழ்ந்திருந்தது, ஆனால் தளர்ந்திருந்தது.

"எண்ணிக்கை ஒரு அளவுக்குக் கீழ போனா மீளாதுன்னு கணக்குப் போட்டேன். தப்பு என்மேலதான். ஒத்துக்கறேன். ஆனா நொச்சியில நிறுத்தினா, வேற வழி கண்டுபிடிக்கற வரைக்கும் அந்த ஜனங்களுக்கு என்ன பதில்? இந்த முறையால நாலஞ்சு வருஷமாவது உயிர் பிழைப்பாங்க. உங்க தீவுல பத்து வருஷம் பிழைச்சாங்க. அதை இல்லைன்னு சொல்லிட முடியாது அமுதவல்லி."

"சொல்லலை சார்."

"அப்பவும் நிறுத்தணும்னு சொல்றீங்களா?"

"ஆமா சார்."

நிறுத்தினார்கள். பொய்ச் சான்று தந்ததற்கும், தெரிந்ததை மறைத்ததற்கும் அமுதவல்லியின் ஆய்வு அனுமதியைப் பறித்தார்கள். இனி எந்தத் தீவின் காட்டுக்குள்ளும் அவள் போக முடியாது. நொச்சித் தீவுக்கு வேறு இரண்டு இளைஞர்கள் போய், முதல் மாதத்திலேயே ஆறு புது மரநத்தைகளைக் கண்டார்கள். படம் அனுப்பினார்கள். அதில் ஒன்று கருநீலம். அப்படி ஒரு நிறத்தை அவள் கண்டதே இல்லை. தாழைத் தீவில், ஒன்பதாம் மேட்டில், மூன்று பச்சை நத்தைகள் மிஞ்சியிருப்பதாக அதே இளைஞர்கள் பிறகு எழுதினார்கள். இரண்டு இடம், ஒன்று வலம். இரண்டு இடஞ்சுழிகளையும் ஒரே கூண்டில் விட்டார்கள். இரண்டும் முட்டையிடவே இல்லை.

தாழைத் தீவில் ஊரே கூடிக் கையால் பொறுக்கியது. வீட்டுக்கு ஒரு வாளி. பவளம்தான் முன்னால் நின்றாள். காய்கறியை உப்பு நீரில் ஊறவைக்காமல் யாரும் வாயில் வைக்கக் கூடாது என்று வீடு வீடாகச் சொன்னாள். அந்த மழையில் தாழையில் யாரும் சாகவில்லை.

நொச்சியில் இரண்டு பேர் இறந்தார்கள். போர்ட் பிளேயர் செய்தித்தாளில் நாலு வரிச் செய்தி. ஒருவர் படகோட்டி. மற்றது பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தை, பெயர் இளமதி. அமுதவல்லி அதைப் பவளத்துக்கு வாசித்துக் காட்டினாள். அவளிடம் இனி எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

பவளம் கையிலிருந்த முறத்தை இறக்கிவைத்தாள். "அந்தக் கிருமியை விட்டிருந்தா அந்தப் பிள்ளை இருந்திருக்குமா?"

"இருந்திருக்கலாம்."

"அவங்க அம்மாவுக்குத் தெரியுமா? நிறுத்தினது யாருன்னு?"

"தெரியாது. மையம்னுதான் தெரியும்."

பவளம் உள்ளே போனாள். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பையோடு வெளியே வந்தாள். "வியாழக்கிழமை கப்பல் இருக்கு. யாராவது போய்ச் சொல்லணும் இல்ல? நானும் வர்றேன்."

நொச்சித் தீவு தாழையைவிடச் சின்னது. கப்பல்துறையிலிருந்து வீட்டுக்கு வழி கேட்டு நடந்தார்கள். போகும் வழியெல்லாம் அமுதவல்லி வாக்கியங்களைச் சேர்த்துப் பார்த்தாள். கருநீல நத்தையைப் பற்றிச் சொல்லலாமா? பல லட்சம் வருடம், ஒரு மரக்கட்டை, ஓடையைத் தாண்டத் தெரியாத உயிர்கள்... பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் அதைச் சொன்னால் அது நியாயமாகவா கேட்கும்? தான் செய்தது சரியா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமலே முதல்முறை கையெழுத்திட்டாள், தெரியாமலே இரண்டாம் முறை நிறுத்தினாள். இரண்டுக்கும் இடையில் ஒரே ஒரு வித்தியாசம்தான். இந்த முறை யாரிடம் கேட்காமல் செய்தாளோ, அவளைப் பார்க்க வந்திருக்கிறாள்.

வாசலில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சின்னச் சின்னத் துணிகள். அவற்றை இன்னும் துவைத்துக்கொண்டிருக்கிறாள். படலைத் திறந்துகொண்டு வந்த இருவரையும் பார்த்து நிமிர்ந்தாள்.

"யாருங்க? என்ன வேணும்?"

பவளம் ஓர் அடி பின்னால் நின்றுகொண்டாள். அமுதவல்லி கைகளைக் கூப்பினாள். கப்பலிலும் வழியிலும் சேர்த்துவைத்த வாக்கியங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"என் பேரு அமுதவல்லிம்மா," என்றாள். "நிறுத்தச் சொன்னது நான்தான்."